கண்ணாடி அலமாரிக்குள் போன கத்தி

கத்தி வைத்திருப்பவர்களில் இரண்டு ஜாதி உண்டு என்று எங்கள் பட்டு முதலாளி சொல்லுவார். அறுக்க வைத்திருப்பவன் ஒருவன், பார்க்க வைத்திருப்பவன் இன்னொருவன். முதல் ஜாதிக்குக் கத்தியின் அருமை தெரியாது, தேய்த்தே அதைக் கொன்றுவிடும். இரண்டாவது ஜாதிதான் கத்தியைக் காப்பாற்றுகிறது என்பது அவருடைய கட்சி. அவர் இரண்டாவது ஜாதி. நான் முதலாவது. என் கத்தியை என் கண் எதிரே எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அதை நான் எப்படித் திரும்ப வாங்கினேன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு, இவ்வளவு வயசாகியும் இந்தப் பொம்பளைக்கு ஆத்திரம் அடங்கவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். அடங்கவில்லைதான்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். வீட்டில் ஒரே ஒரு குழித்தறி. என் வீட்டுக்காரர் குழியில் கால் வைத்து உட்கார்ந்து நெய்வார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஏற்றிய நாடாக்கட்டையை எறிவேன். எங்கள் ஊர்ப் பட்டுச் சேலையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய ஒரு ஆளின் கை பற்றாது. அந்த இரண்டாவது ஆள் நான்தான். தறி மாமனார் வீட்டுச் சொத்து. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. பாத்திரம் பண்டம் பிறந்த வீட்டில் போட்டது. நானாகப் பார்த்து, நானாக ஆசைப்பட்டு வாங்கிய பொருள் என்று அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அந்த மடக்குக்கத்தி.

வைகாசியில் கருட சேவை பார்க்கச் சின்ன காஞ்சிபுரம் போனபோது வாங்கினேன். கூட வந்த பெண்கள் வளையல் கடையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆற்காட்டுப் பக்கத்துச் சாயபு ஒருவர் கோணி விரித்துப் பரப்பியிருந்த கத்திகளுக்கு முன்னால் நின்றுவிட்டேன். மான்கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று, அலகின் அடியில் ஒரு மீன் முத்திரை. சாயபு சின்ன அலகைத் திறந்து தன் கை மயிரை வழித்துக் காட்டினார். அசல் மால் என்றார். வீட்டுக்காரருக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார், ஆனால் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரிடம் பேரம் பேசாமல் வாங்கினேன். அண்டை வீடுகளுக்குத் தார்க்கட்டையில் நூல் சுற்றிக் கொடுத்துச் சேர்த்திருந்த சில்லறை எல்லாம் அதற்கே போனது.

சட்டை போடுகிறவர்களுக்குப் பை இருக்கிறது, எனக்கு இடுப்புதான். கொசுவத்துக்குப் பக்கத்தில் செருகியிருப்பேன். பெரிய அலகு பாக்கு வெட்டும், வெல்லம் சுரண்டும், மூங்கில் சீவும், கொய்யா பிளக்கும். சின்ன அலகைச் சமையலுக்குத் தொட விடமாட்டேன். அது பேட்னிக்கு. சேலையின் உடல் முடிந்து முந்தானை தொடங்கும் இடத்தைத்தான் பேட்னி என்போம். முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் நீளவாட்டில் ஓடும் பாவு நூலையே மாற்ற வேண்டும். பழைய நிறத்தில் ஒவ்வோர் இழையோடும் புது நிறத்தில் ஒவ்வோர் இழையைக் கோத்து, கொஞ்சம் நெய்து நிறுத்தி, அப்புறம் பழைய இழைகளை மட்டும் அறுத்து விலக்க வேண்டும். புதுசும் பழசும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கத்தி நுனி கொஞ்சம் தடுமாறினாலும் புது இழை போய்விடும், சேலையும் அதோடு போய்விடும். அந்த அறுப்பு வேலையை என் வீட்டுக்காரர் என்னிடம்தான் விடுவார். அவருக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்காது.

முதலாளி கண்ணில் அந்தக் கத்தி பட்டது என் அவசரத்தால். ஒரு சேலையைக் கொடுக்க நாங்கள் இரண்டு பேரும் அவர் கடைக்குப் போயிருந்தோம். தேரடிக்குப் பக்கத்தில் வீடும் கடையும் ஒன்றாக இருக்கும் பெரிய கட்டிடம். அவர் சேலையை விரித்து, முந்தானையில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறு ஒன்றைக் காட்டி உச்சுக் கொட்டினார். நான் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, திறந்து, பிசிறை நறுக்கி, மடக்கினேன். அவர் பார்வை சேலையை விட்டுக் கத்திக்கு வந்தது. கையை நீட்டினார். முதலாளி கையை நீட்டினால் கொடுக்காமல் இருக்க முடியுமா, கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மீன் முத்திரையைப் பார்த்தார். அவர் முகம் கல்யாண வீட்டில் இலை போட்டதைப் பார்த்தவன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"இது உன் கையிலே இருக்கக் கூடாதும்மா," என்றார். "நூலு அறுத்தே இத்தெ சாவடிச்சிடுவே."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "உங்களுக்குப் புடிச்சிருந்தா வச்சிக்கிங்க முதலாளி. அவளுக்கு இன்னாத்துக்கு இது."

இன்னாத்துக்கு இது. அந்த இரண்டு சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதலாளி புன்சிரிப்போடு கத்தியைத் தன் மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார். நான் வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. வந்த பிறகும் பல நாள் பேசவில்லை. தறியில் பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிந்தேன், அவர் எறிந்த நாடாவைப் பிடித்தேன், அவ்வளவுதான். முதலாளியைப் பகைத்துக்கொண்டால் பட்டு வராது, பட்டு வராவிட்டால் அடுப்பு எரியாது என்று அவர் காற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியாதா என்ன. தெரிந்ததால்தான் ஆத்திரம் இன்னும் ஏறியது.

அடுத்த முறை போனபோது கத்தி அலமாரியில் இருந்தது. கடைக் கூடத்தில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. உள்ளே நீல வெல்வெட்டு. அதில் ஒவ்வொரு கத்திக்கும் அதனதன் உருவத்துக்குக் குழி. ஷெப்பீல்டு சரக்கு, ஜெர்மன் சரக்கு, முத்துச்சிப்பிப் பிடி, தந்தப் பிடி, திருகு வைத்தது, குதிரைக் குளம்பில் கல் எடுப்பதற்குக் கொக்கி வைத்தது. அவருக்குக் குதிரையே கிடையாது. ஒன்றாவது ஒரு நாளாவது ஒரு வெண்டைக்காயை அறுத்திருக்குமா என்றால் இல்லை. அதற்கு நடுவில் என் கத்தி, பட்டணத்துக்கு அனுப்பி மெருகு போட்டு, நான் பாக்கு வெட்டிய கறை, ஜரிகை உரசிய கீறல் ஒன்றும் இல்லாமல், யாருடைய கத்தியோ போல மினுமினுத்தது. என்னைப் பெற்றவளைத் தலை சீவிப் பொட்டு வைத்து வேறு வீட்டில் உட்கார வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

சாயங்காலங்களில் அவரோடு பேச ஒரு பென்ஷன்காரர் வருவார். தாலுகா கச்சேரியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் கத்திப் பைத்தியம்தான், ஆனால் எதிர்க்கட்சி. கத்தி என்றால் உபயோகிக்க வேண்டும் ஓய் என்று சொல்லி, தன் பேனாக்கத்தியை எடுத்து ஒரு சாத்துக்குடியை உரித்துக் காட்டுவார். உரித்ததும் பட்டுத்துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். அவர் செய்கிற உபயோகம் அவ்வளவுதான். முதலாளி உடனே சேகரிப்பின் பெருமையைப் பேசுவார். இரண்டு பேரும் இதை ஒரு சாஸ்திர வாதம் மாதிரி மணிக்கணக்கில் பேசுவார்கள். நாங்கள் நெசவுக்காரர்கள் சேலையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்துக்கொண்டிருப்போம். ஒருநாள் முதலாளி என்னைக் காட்டி, அசல் உபயோகக்காரர் வேண்டுமென்றால் இதோ இருக்கிறார், ஒரு வருஷம் விட்டிருந்தால் அந்த மீன் கத்தி ஊசியாகியிருக்கும் என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. சிரித்துக்கொண்டே மனசுக்குள் கறுவினேன்.

கத்தி போன பிறகு பேட்னி அறுக்க நாவிதர் கழித்துப் போட்ட சவரக்கத்தித் துண்டு ஒன்றை வாங்கி, துணி சுற்றி வைத்திருந்தேன். அதில் பிடி கிடையாது, பிடிமானமும் கிடையாது. மாம்பழ நிற உடலுக்கு அரக்கு முந்தானை போட்ட ஒரு சேலையில் அது வழுக்கிவிட்டது. புது இழைகள் சில அறுந்தன. முடிச்சுப் போட்டு ஒப்பேற்றினேன். முதலாளி விரலுக்கு முடிச்சு தப்புமா. தடவிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். சேலையைச் சுருட்டி என் வீட்டுக்காரர் மார்பில் எறிந்தார்.

"கை எங்கே போச்சி உம் பொண்டாட்டிக்கு?" என்று கேட்டார். "கத்தி மொண்ணையா?"

அவர் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் கத்தி கிடந்தது. அவர் அதை நினைத்துக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கத்தி என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதே அவர் மனசில் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்த நெசவுக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் குனிந்து சேலையைப் பொறுக்கினார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கத்தியைத் திரும்ப வாங்குவது மட்டும் போதாது, அந்த அலமாரியையே அழ வைக்க வேண்டும் என்று. எப்படி என்று அப்போது தெரியாது.

வழியை முதலாளியே காட்டிக் கொடுத்தார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பட்டணத்திலிருந்து பெரிய வியாபாரிகள் அவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களிடம் காட்டிக்கொள்ள வேண்டுமே. தராசு, படிக்கல், முழக்கோல் எல்லாம் வைக்கிற மணைக்குப் பக்கத்தில் இன்னொரு மணை போட்டு, அலமாரிக் கத்திகள் அத்தனையும் எடுத்து, அலகுகளை விசிறி மாதிரி விரித்துப் பூஜைக்கு வைத்துவிட்டார். குருக்கள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்துத் தடவிக் குங்குமம் வைத்தார். தீர்த்தம் தெளித்தார். சாயங்காலம் பொரி கடலை வாங்கப் போன எங்கள் எல்லாருக்கும் அதைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. என் கத்திக்கும் பொட்டு வைத்திருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். என் வீட்டுக்காரர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

ஏன் சிரித்தேன் என்றால், எங்கள் பக்கத்தில் யாரும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். பூஜைக்கு எதை வைத்தாலும் மறுநாள் விஜயதசமி காலையில் அதை எடுத்து ஒரு வேலையாவது செய்தாக வேண்டும். தறிக்காரன் நாலு நாடா எறிவான், தச்சன் ஒரு பலகையில் உளி வைப்பான், வியாபாரி ஒரு பிடி பட்டாவது நிறுப்பான். வேலை தொடாமல் ஒரு கருவி கிடந்தால் அந்த வருஷம் தொழில் தூங்கிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் உடைந்த நாடாவைக்கூட நாங்கள் பூஜையில் வைக்க மாட்டோம், எடுத்துப் பரணில் போட்டுவிடுவோம். முதலாளி வைத்திருந்தது ஒரு மணை நிறையச் சோம்பேறிகளை.

விஜயதசமி காலையில் எல்லாரும் அவர் கடையில் கூடுவது வழக்கம். அந்த வருஷத்தின் முதல் பட்டை அன்றைக்குத்தான் தன் நெசவுக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். பூஜையை முடித்துக் கலசத்தை எடுத்த பிறகுதான் பட்டைப் பங்கிட ஆரம்பிக்கலாம். நான் குளித்து, தலை முடிந்து, எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன். முதலாளி தராசில் பட்டு வைத்து எடுத்தார். முழக்கோலால் ஒரு துணியை அளந்தார். குருக்கள் கலசத்தின் மேல் கை வைத்து, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"எல்லாம் வேலை தொட்டாச்சோ?"

"இல்லெ சாமி," என்றேன். "கத்திங்க பாக்கி இருக்குது."

 முதலாளி என்னை முறைத்தார். அது வெறும் அலங்காரத்துக்கு வைத்தது, அதற்கெல்லாம் இந்த வழக்கம் கிடையாது என்று குருக்களிடம் சமாதானம் சொன்னார். குருக்கள் பாவம், சாது மனிதர், ஆனால் சாஸ்திரம் என்றால் இரும்பு. தான் சந்தனம் இட்டு அர்ச்சனை செய்தது அலங்காரத்துக்கு இல்லை என்றார். ஒன்று பாக்கி இருந்தாலும் கலசத்தை அசைக்க முடியாது என்று கையை எடுத்துவிட்டார். முதலாளி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது உள்ளேயிருந்து முதலாளியம்மா வந்தாள். அந்த வீட்டில் அவர் பயப்படுகிற ஒரே ஆள். தொழில் தூங்கிவிடும் என்று வாசலில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஒவ்வொரு கத்தியும் இப்போதே எதையாவது அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டேன் என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாள். 

முதலாளி தந்தப் பிடிக் கத்தியைக் கையில் எடுத்தார். ஒரு நூலை அறுத்துவிட்டு ஒப்புக்கு முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். எடுத்ததும் கை நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க ஈரச் சந்தனமும் குங்குமமும் ஊறியதில் அலகு நெடுகத் துரு பூத்திருந்தது. துடைத்தார். போகவில்லை. அடுத்ததை எடுத்தார், அதுவும் அப்படியே. எண்ணெயைத் தவிர வேறெதையும் தொடாமல் வளர்த்த இரும்பு, ஒரு ராத்திரி ஈரத்துக்குத் தாங்கவில்லை. மூன்றாவதை மடக்கிப் பார்த்தார். கீலில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது, அசையவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

இத்தனையையும் அவர் ஒருவரே அறுத்துக்கொண்டிருந்தால் பட்டு எப்போது கிடைக்கும் என்று யாரோ முனகினார்கள். முதலாளி சிரமப்பட வேண்டாம், ஆளுக்கு ஒன்று எடுத்து முடித்துவிடுவோம் என்றேன். முதலாளியம்மா சரி என்றாள். அப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆட்களில் அவர் சேலையை முகத்தில் எறியாத ஆள் யார். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது, கரும்பு சாத்தியிருந்தது. ஒருவன் முத்துச்சிப்பிப் பிடியால் வாழைத்தண்டைச் சீவினான். வாழைக்கறை பட்ட இரும்பு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னொருவன் ஜெர்மன் சரக்கைக் கரும்புக் கணுவில் இறக்கி, காலால் மிதித்தான். படக்கென்று சத்தம் கேட்டது. அலகு கரும்பிலேயே நின்றுவிட்டது, பிடி மட்டும் கையில் வந்தது. "அடடா, வேலெ தொட்டுச்சி முதலாளி," என்றான் அவன், ரொம்ப மரியாதையாக. முதலாளி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் தோள் குலுங்கியது. நான் அவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றைக்கூடத் தவற விடவில்லை.

மீன் கத்தியை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. தன் உள்ளங்கைக்குள் வைத்திருந்தார். கடைசியில் குருக்கள் அதைக் காட்டியதும், ஒரு வெற்றிலையை எடுத்து அதன் காம்பில் வைத்து அழுத்தினார். காம்பு மடங்கியது, அறுபடவில்லை. இன்னும் அழுத்தினார், வெற்றிலை கசங்கியது. மெருகு போட்டவன் பளபளப்புக்கு ஆசைப்பட்டு அலகின் கூர்மையை மழுங்கத் தேய்த்துவிட்டிருந்தான். என் கத்தி ஒரு வெற்றிலைக் காம்பை அறுக்க முடியாமல் தோற்றதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை அது, ஆத்திரம். நேரே போய் அவர் கையிலிருந்து வாங்கினேன். எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, விரலைத் திறந்துவிட்டார்.

அவர் வீட்டு வாசற்படி நல்ல கருங்கல். தீர்த்தச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, படியிலேயே உட்கார்ந்து கத்தியைத் தீட்டினேன். கரகரவென்று அந்த மெருகு போகிற சத்தம் இருக்கிறதே, அதற்கு ஈடாக ஒரு நாதஸ்வரம் நான் கேட்டதில்லை. போதும்மா, போதும்மா என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். போதுமான பிறகும் இன்னும் கொஞ்சம் தீட்டினேன். எழுந்து போய், பிரிக்காமல் இருந்த பட்டு மூட்டையின் கட்டுக்கயிற்றில் வைத்தேன். தொட்டதும் அறுந்தது. குருக்கள் கலசத்தை அசைத்தார். நான் கத்தியைத் துடைத்து, மடக்கி, இடுப்பில் செருகினேன்.

"அத்தெ வச்சிட்டுப் போம்மா," என்றார் முதலாளி.

"எந்த வேலைக்கு முதலாளி?"

அவர் அந்த மணையில் கறுத்தும் துருவேறியும் முறிந்தும் கிடந்தவற்றைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, நீதானே கொடுத்தாய் என்று கேட்டார். அந்த ஆள் இந்த இடத்தில் என்னைக் காலை வாரிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, எல்லாரும் பார்த்தார்கள்.

"குடுத்தது நான்தான் முதலாளி," என்றார். "கத்தி அவுளுது."

அதற்கப்புறம் பட்டு பிரித்தார்கள். நான் அறுத்த மூட்டையிலிருந்து ஒவ்வொருவராக வாங்கிப் போனார்கள். எங்கள் முறை வந்ததும் முதலாளி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். மூட்டையில் பட்டு இருந்தது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு என் வீட்டுக்காரரோடு நிறையப் பேசினேன். சோறு குறைவாகத்தான் இருந்தது, ஆனால் அவருக்கு இரண்டாம் தரமும் போட்டேன்.

மற்ற பெரிய முதலாளிகளுக்குச் சேதி போயிருந்தது. ஒருவரும் பட்டுக் கொடுக்கவில்லை. தறி கொஞ்ச காலம் சும்மா கிடந்த பிறகு சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன வியாபாரி இரக்கப்பட்டு வேலை கொடுத்தார். சாதாச் சேலை. கரைக்குத் தனி நாடா கிடையாது, முந்தானைக்குத் தனிப் பாவு கிடையாது, எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடுகிற சேலை. அதை நெய்ய ஒரு ஆளே போதும். என் வீட்டுக்காரர் குழியில் உட்கார்ந்தார். நான் பழக்கத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், எறிய நாடா இல்லை. அறுக்கப் பேட்னி இல்லை. அதற்கப்புறம் அந்தத் தறியில் எனக்கு இடமே இல்லாமல் போனது. சின்ன அலகு நல்ல கூர்மையில் இருந்தது, மயிரை வழிக்கும்.

வருத்தப்பட்டேனா என்று கேட்டால், இடத்துக்காக வருத்தப்பட்டேன். செய்ததற்காக இல்லை. மறுபடியும் அந்தக் காலை வந்தால் மறுபடியும் அந்தப் படியில் உட்கார்ந்து தீட்டுவேன், இன்னும் கொஞ்சம் நேரம் கூடுதலாகவே தீட்டுவேன். முதலாளி அலமாரியைக் கூடத்திலிருந்து எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது நாலு வீட்டுக்குப் பொரி கடலை கொடுக்கலாம் போலிருந்தது. பென்ஷன்காரரும் அங்கே போவதை நிறுத்திவிட்டாராம், பேச விஷயம் இல்லாமல்.

அதோடு விட்டேனா, இல்லை. சாயங்காலம் தேரடிப் பக்கம் போகும்போது முதலாளி கடைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தால், எதிரே வெற்றிலைக்காரியிடம் நிற்பேன். முழுப்பாக்கு கேட்டு வாங்குவேன். மடியிலிருந்து கத்தியை எடுத்து, வெயில் படும்படி விரித்து, பாக்கைச் சிறுகச் சிறுகச் சீவுவேன். அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், கத்தியைத்தான் பார்ப்பார். பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. வருஷக்கணக்கில் இதைச் செய்தேன். வீட்டில் பாக்குத் தீராமல் இருந்தாலும் போய் வாங்கினேன். பிற்பாடு அவருக்குக் கண் மங்கியபோது, இன்னும் கொஞ்சம் கிட்டே போய் நின்று சீவினேன்.

அவர் செத்துப்போன சேதி வந்த அன்று நான் அழவில்லை. சில நாள் கழித்துத் தேரடிக்குப் போனேன். வெற்றிலைக்காரி வழக்கம்போல முழுப்பாக்கை நீட்டினாள். கத்தியை எடுத்து விரித்து நிமிர்ந்தேன். எதிரே கடை சாத்தியிருந்தது. நான் அந்தக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, உடம்புக்கு ஆகவில்லையா என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி மடக்கி வைத்துவிட்டு, சீவல் பாக்காகவே கொடுத்துவிடச் சொன்னேன்.